எழுபத்தைந்து அடி

“ரெண்டு வருஷமா வர்றீங்க, டீ குடிக்கிறீங்க, எல்லார் கதையையும் கேட்டுட்டுப் போறீங்க. உங்க பங்குக்கு ஒரு கதையாவது சொன்னீங்களா மெர்வின்?”

வரலாற்று ஆர்வலர் சங்கத் தலைவி லிண்டல் டாட்னெல் இப்படிக் கேட்டதும், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மெர்வின் ஹார்க்நெஸ்ஸின் வலது முழங்கால் இன்னும் வேகமாக ஆடத் தொடங்கியது.

டெர்வென்ட் ஆற்றங்கரைச் சிற்றூரின் தேவாலயக் கூடத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை சங்கம் கூடும். வருபவர் ஆளுக்கு ஐந்து நிமிடம், தாம் கண்டறிந்த பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். கொண்டுவரும் காகிதம் சங்கத்தின் கோப்பில் சேர வேண்டும். இரண்டு ஆண்டுகள் வாய் திறவாதவரின் பெயர் நீக்கப்படும். விதிகளை எழுதியவர் லிண்டலே.

மெர்வினுக்கு இன்றுதான் கடைசித் தவணை. மனைவி இறந்தபின், அவர் நான்கு பேரோடு உட்காரும் இடம் இது ஒன்றுதான்.

“இன்னைக்குச் சொல்றேன்,” என்று கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். “ஆவணக் காப்பகத்துலேர்ந்து போன வாரந்தான் வந்துச்சு.”

“அப்படி வாங்க வழிக்கு! ஆனா வரிசைப்படிதான். முதல்ல க்ளைவ்.”

க்ளைவ் பெஸல் வாயிலிருந்த லாமிங்டன் கேக்கை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தார்.

“எங்க முப்பாட்டன் பாலாடைக்கட்டி திருடி மாட்டி, கைதியாக் கப்பலேறினவர்னு உங்களுக்கெல்லாம் தெரியும். இங்க வந்து, மேற்பார்வையாளனைப் பன்னின்னு திட்டியிருக்காரு. அதுக்கு இருபத்தஞ்சு சவுக்கடி! நேத்துதான் கண்டுபிடிச்சேன்.”

கைதட்டல் எழுந்தது. ஒரு காலத்தில் பிரிட்டன் தன் கைதிகளை நாடு கடத்திய டாஸ்மேனியாவில், கைதியின் வழித்தோன்றல் என்பது இன்று பெருமை. முன்னோர் வாங்கிய சவுக்கடியோ பரம்பரைப் பட்டம்.

“இருபத்தஞ்செல்லாம் ஒரு அடியா?” என்றார் ரோவினா. “எங்க ஆளு அம்பது!”

“போதும் உங்க ஏலம்,” என்று லிண்டல் மேசைமேல் இருந்த துணியை விலக்கினார். பித்தளை நினைவுத் தகடு ஒன்று பளபளத்தது. “எங்க முப்பாட்டன் சைலஸ் டாட்னெல் எழுபத்தஞ்சு. வாயைத் திறந்து ஒரு சத்தம் போடலைன்னு, பக்கத்துல நின்ன டாக்டரே எழுதி வெச்சிருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை பாலத்துக்கிட்ட இதைப் பதிக்கிறோம்.”

தகட்டை விரலால் தடவினார். “எங்கப்பா புத்துநோயில கிடந்தப்பகூட முனகல. நாம சைலஸோட ரத்தம், கத்தக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே போனார்.”

லிண்டலின் குரல் தழுதழுத்துச் சங்கத்தார் கேட்டது அதுவே முதன்முறை.

மெர்வின் காகிதத்தைப் பிரித்தார். தகட்டைப் பார்த்தார். மறுபடி மடித்தார். மறுபடி பிரித்தார். முழங்கால் ஆடிய ஆட்டத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

“இப்ப நீங்க மெர்வின். உங்க ஆளு எத்தனை அடி?”

அவர் எழுந்து நின்றார். “எங்க முப்பாட்டன் ஜோசையா... அவரும் கைதிதான். ஆனா...”

“ஆனா?”

“மத்த கைதிகளைச் சவுக்கால அடிக்கிற வேலையை அவருக்குக் கொடுத்திருந்தாங்க.”

தகரக் கூரைமேல் பெய்த மழை திடீரெனப் பெரிதாகக் கேட்டது.

“அடிச்சவரா?” லிண்டலின் முகம் இறுகியது. “எங்க சைலஸையுமா?”

“அவரையும்தான்.”

“அதான் ரெண்டு வருஷமா மனுஷன் முள்ளு மேல உக்காந்த மாதிரி நெளிஞ்சாரு!” என்றார் ரோவினா.

“கூட இருந்தவன் தோலை உரிச்சுப் பொழைச்ச ஆளு,” என்றார் க்ளைவ். “அவன் முதுகுல ஒரு அடியாவது விழுந்திருக்குமா? சொகுசா வாழ்ந்திருப்பான்.”

மெர்வின் சட்டென்று வாயைத் திறந்தார். அவர் பார்வை தகட்டின்மேல் போய் நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

“காகிதத்தைப் படிங்க,” என்றார் லிண்டல்.

“வேணாம் லிண்டல். என் கதை அவ்வளவுதான்.”

“ஆதாரம் படிக்காத கதை இங்க செல்லாது. படிங்க. இல்லைன்னா பேரை எடுத்துடுவேன்.”

“எடுத்துடுங்க.”

லிண்டல் பதிவேட்டைத் திறந்து சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். மெர்வின் குடையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

“காகிதம் எங்க போகுது? கொண்டு வந்தது கோப்புக்குத்தான்.”

“அடுத்த மாசம் தபால்ல அனுப்பிடறேனே. ஞாயித்துக்கிழமை கழியட்டும்.”

“விதி விதிதான் மெர்வின்.”

அவர் திரும்பி வந்து, காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். “நீங்க மட்டும் படிங்க,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

“நான் மட்டுமா? அடிச்சவரோட பவிசை எல்லாரும் கேக்கட்டும்!” என்று லிண்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே குரல் தேய்ந்தது. ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால், மிச்சமும் எல்லோருக்கும் கேட்டது.

“கைதி சைலஸ் டாட்னெல் எழுபத்தைந்து அடிக்கும் சத்தமிடாததால் ஐயம் கொண்டு முதுகைச் சோதித்ததில், தோல் எங்குமே கிழிந்திருக்கவில்லை. சவுக்கை வேண்டுமென்றே மெதுவாக வீசிய குற்றத்துக்காக ஜோசையா ஹார்க்நெஸ்ஸுக்கு நூறு கசையடி.”