இறுதிச் சுற்றில் மாமியார்

ஆன்லைன் போக்கர் போட்டியின் இறுதிச் சுற்றில் இருந்தாள் தேபஜானி. முதுகுக்குப் பின்னால் நின்று மாமியார் பிரதிமா கத்திக்கொண்டிருந்தாள்.

"இலிஷ் மீன் கழுவாமக் கிடக்கு, மகாராணிக்குச் சீட்டாட்டமா? உங்க வீட்டுல இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா?"

தேபஜானி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அரைகுறைச் சீட்டுகள் வந்தபோதெல்லாம் பணம் கட்டாமல் பொறுமையாகக் கவிழ்த்து விலகினாள்.

"ஜெயிக்கிற மூஞ்சியாடி இது?"

நல்ல சீட்டு வந்ததும் கையிருப்பு மொத்தத்தையும் பந்தயமாக வைத்தாள். ஜெயித்தாள்.

பிரதிமா பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என் தங்கமே! கோபப்படாம ஆடணும்னு நீ வச்ச இலக்கைத் தொட்டுட்டே! தெரு பூரா சந்தேஷ் இனிப்பு கொடுக்கப்போறேன்."

"நீங்க திட்டித் திட்டிக் குடுத்த பயிற்சிதான் மா. போன மாசம் எதிராளி சாட்ல 'போய்ச் சமையலைப் பாரு'ன்னு எழுதினதுக்கே கொதிச்சுப்போய்த் தோத்தேனே!"

"இன்னைக்கும் எவனாவது எழுதினானா?"

"எழுதினான். உங்க திட்டுக்கு முன்னால அதெல்லாம் தாலாட்டு மா!"