ரத்தத்தில் வேர்க்கடலை

சுப்புலக்ஷ்மியின் மகன் நந்துவுக்கு ரத்தப் பரிசோதனையில் இரண்டு வந்தது. எதிர்வீட்டு நாகலக்ஷ்மியின் மகன் பஞ்சுவுக்கு மூன்று.

ஏதோ பரீட்சை மார்க் மாதிரி நாகலக்ஷ்மி அதை அந்தப் பம்பாய் மாட்டுங்கா கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன நவராத்திரியில் யார் வீட்டிலோ வேர்க்கடலைச் சுண்டல் தின்ற நந்துவுக்கு முகம் வீங்கி, மூச்சு முட்டிவிட்டது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கடலைக்கு எதிராக ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறியிருக்கிறதா என்று சோதித்த டாக்டர், அளவு இரண்டு என்று பார்த்துவிட்டு, இனி ஒரு கடலைகூடக் கூடாது என்றார்.

அன்று முதல் நந்துவைக் கட்டடமே தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை டி.வி. படத்துக்கு அவனுக்குத்தான் முன்வரிசை. எந்த வீட்டில் பட்சணம் செய்தாலும், "நந்து சாப்பிடலாமோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

நாகலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. பஞ்சுவை ஒருத்தராவது அப்படிக் கேட்டதுண்டா? கணவர் சுந்தரராமனை நச்சரித்து, ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கும் அதே பரிசோதனை செய்ய வைத்தாள். மூன்று என்றதும் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

டாக்டர் அதைக் கெடுத்தார். "இதுவரைக்கும் கடலை சாப்பிட்டு ஏதாவது ஆயிருக்கா?"

"தினம் சாப்பிடறான் டாக்டர். ஒண்ணும் ஆனதில்லை."

"அப்போ தாராளமா சாப்பிடட்டும். ரத்தம் சந்தேகத்தைத்தான் சொல்லும். சாப்பிட்டா என்ன ஆறதுங்கறதுதான் நிஜம்."

டாக்டர் சொன்னதைப் பற்றி அவள் வெளியே மூச்சு விடவில்லை. மூன்றை மட்டும் சொன்னாள். பஞ்சுவுக்கும் முன்வரிசை கிடைத்தது.

இந்த நவராத்திரியில் கீழ்வீட்டு ருக்கு மாமி வீட்டுக் கொலு. சுப்புலக்ஷ்மி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கூடம் சொக்கிப் போயிருந்தது. குரலையும் இவளுக்கே கொடுத்திருக்கிறானே என்று நாகலக்ஷ்மி புழுங்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சு, பெரியவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த வேர்க்கடலைச் சுண்டலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். ருக்கு மாமி பதறினாள். பஞ்சுவோ இன்னொரு பிடி அள்ளினான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மாமி சிரித்தாள்.

"மூணு வந்தவனே நன்னா முழுங்கிண்டு நிக்கறான். ரெண்டு வந்தவனுக்கு என்ன ஆயிடும்? டாக்டர்கள் சும்மா பயமுறுத்தறா."

ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த நந்துவின் உள்ளங்கையில் ஒரு கரண்டி சுண்டல் வைத்தாள். அவன் கை வாய்க்குப் போனது.

நாகலக்ஷ்மி பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். கொலுவுக்கு முன்னால் சுண்டல் சிதறியது. பாட்டு நின்றது.

"நந்துவுக்குக் குடுக்காதேங்கோ. என் பிள்ளைக்குத்தான் ஒண்ணுமில்லை. டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார். நான்தான் பொய் சொன்னேன்."

எல்லோரும் பார்த்த பார்வையில் கூசிப்போய், பஞ்சுவை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மாடிப்படியில் சுப்புலக்ஷ்மி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்கோ," என்றாள் நாகலக்ஷ்மி. "உங்க மேல இருந்த பொறாமையில..."

"பஞ்சுவுக்கு ஒண்ணுமில்லேன்னு எனக்கும் தெரியும். அதே டாக்டர்தானே, பேச்சுவாக்குல சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா என்னைக் காட்டிக் குடுக்கலை?"

சுப்புலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நந்து ஒருத்தனுக்குன்னா, கொஞ்ச நாள் விசாரிச்சுட்டு எல்லாரும் மறந்துடறா. ரெண்டு குழந்தைகளுக்குன்னதும்தான் பில்டிங்கே பயந்துது. உங்க பொய்யை நம்பித்தான் நான் இவனை வெளியில விளையாட விட்டேன்."