மழைக்கு அவிழாத முடிச்சு

மழைக்கு அவிழாத ஒரு முடிச்சைத் தூக்கணாங்குருவி ஒன்று கண்டுபிடித்தது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று தோப்புக்கே சொல்லிக்கொடுத்தது. அந்த முடிச்சு எங்கே தளர்ந்தாலும் பறவைகள் குருவியைத்தான் கூப்பிடும். அதுவும் சும்மாவே போய் இறுக்கிக் கொடுத்துவிட்டு வரும். அதன் சொந்தக் கூடு பாதியிலேயே தொங்கியது. ஜோடி சேரலாமா என்று கூட்டைப் பார்க்க வந்த பெட்டைக்குருவி திரும்பிப் போய்விட்டது. என்றைக்காவது இந்த முடிச்சே தனக்குச் சோறு போடும் என்று குருவி மூன்று மழைக்காலமாக நம்பியிருந்தது.

கூடு கட்டி விற்கும் மைனா முழுநேர வேலைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, குருவி அங்கே போய் நின்றது.

"இதுவரைக்கும் எங்க வேலை பார்த்தீங்க?" என்றது மைனா.

"நீங்க உட்கார்ந்திருக்கிற கூட்டுலயே பதினாறு முடிச்சு நான் போட்டதுங்க."

"தெரியும். நாங்க விக்கிற எல்லாக் கூட்டுலயும் உங்க முடிச்சுதான். அருமையான முடிச்சு." மைனா தலையைச் சாய்த்துக் குருவியைப் பார்த்தது. "ஒண்ணு கேக்கறேன். நான் வேலை குடுக்கலேன்னா, தளர்ந்துபோன கூட்டை அப்படியே விட்டுடுவீங்களா?"

குருவி பதறிப்போனது. "அதெப்படிங்க? உள்ளே குஞ்சு இருக்குமே!"

"அப்புறம் எதுக்கு வேலை குடுக்கணும்?"

மைனா கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டது.

குருவி கிளம்பியது. "போற வழியில, கிழக்குக் கிளையில ஒரு கூடு ஆடுது. கொஞ்சம் பார்த்துடுங்க" என்று மைனா பின்னாலிருந்து கத்தியது.

முடியாது என்று இந்த ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று குருவி திரும்பியது. வாயைத் திறக்க முடியவில்லை. அலகில் அதற்குள் ஒரு நார் இருந்தது.