மதிலில் வைத்த குப்பி

குப்பி கறுத்திருந்தது.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மை ஊற்றி வைத்ததுபோல அடிவரைக்கும் கறுப்பு.

நேற்றுக் காலை பேரூராட்சியிலிருந்து ஜெபராணி என்ற பெண் வந்திருந்தாள். தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை என்றாள். மதிலுக்கு வெளியே இருக்கும் குழாயில் தண்ணீர் பிடித்து, அடியில் மருந்து வைத்த குப்பியில் கோடு வரைக்கும் ஊற்றி மூடினாள். ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், கறுத்தால் கழிவு கலந்திருக்கிறது என்று பொருள், என்று விளக்கினாள்.

அவர்தான் குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மணியக்காரர் வீட்டுத் தண்ணீர் இன்னொருவர் பையில் போகக் கூடாது.

"நாப்பது வருசமா இந்தத் தண்ணியத்தான் குடிக்கேன். எனக்கு ஒரு தலைவலி உண்டா?"

அவள் பையை மூடிக்கொண்டாள். நாளை பத்து மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

மணியக்காரர் வேலை அப்பாவோடு போயிற்று. பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. பெயரோடு குழாயும். கொல்லையில் ஆழ்துளைக் கிணறு போட்ட அன்றே, தெருவுக்கென்று ஒரு குழாயை அப்பா மதிலுக்கு வெளியே இழுத்தார். வீட்டுக்கு எந்தத் தண்ணீரோ அதுவே தெருவுக்கும்.

இப்போது மணி ஆறு.

குப்பியைச் சாக்கடையில் கவிழ்க்கலாம். கழுவி, வேறு நல்ல தண்ணீர் ஊற்றி வைக்கலாம். பத்து மணிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

கொல்லைக்குப் போனார்.

மூன்று வருடத்துக்கு முன் மகன் மாடி கட்டியபோது கக்கூஸ் தொட்டிக்கு இடம் காட்டியவர் அவர்தான். கிணற்றிலிருந்து பன்னிரண்டடி. கொத்தனார் வேண்டாம் என்றான். சாஸ்திரம் சொன்ன வடமேற்கு மூலையை விட்டுவிட்டு வேறெங்கே தோண்டச் சொல்கிறாய் என்று அவனை வாயடைத்தார்.

தூரத்தை அடிமேல் அடி வைத்து அளந்தார். பன்னிரண்டுகூட இல்லை. பதினொன்று.

வெளியே குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. தினமும் இந்நேரம் அவர் வால்வைத் திறந்துவிடுவார். இன்று திறக்கவில்லை.

வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலைக் கடந்தார். குழாயடிக்கு அவர் போவதில்லை. அது பெண்கள் நிற்கும் இடம்.

பேச்சு நின்றது. இடுப்பில் சொருகியிருந்த முந்தானைகள் இறங்கின.

குப்பியை மதில்மேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். தண்ணீரில் கழிவு கலந்துவிட்டது, இனி இதைக் குடிக்க வேண்டாம் என்றார். தவறு தன் வீட்டுடையது என்றார். கொல்லையில் அளந்து வந்ததையும் மறைக்கவில்லை.

அவர் எதிர்பார்த்தது கூச்சல். ஒரு சாபம்.

ஒன்றும் வரவில்லை. எல்லாரும் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கருவாடு கழுவ இத விட்டா வேற தண்ணி ஏதுக்கா" என்று பின்னால் ஒருத்தி முனகினாள். பக்கத்தில் நின்றவள் அவளைக் கிள்ளினாள்.

முன்னால் நின்ற இசக்கியம்மாள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"தெரியும்யா. ரெண்டு வருசமா வாடை. நாங்க குடிக்கதில்ல. பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க. வராம இருந்தா உங்க மனசு சங்கடப்படுமேன்னு வந்து பிடிச்சிட்டுப் போறோம்."

அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

"சின்னதுகளுக்கு என்னய்யா தெரியும். விளையாடிட்டு வந்து வாய வச்சிருது."

அப்புறம் அவள் அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

மருமகள் வடிவு வாசற்படியில் நின்றாள்.

"தெக்குத் தெருக் குழாயில தெனம் ரெண்டு குடம் எடுத்தாறேன் மாமா. உங்க செம்புலயும் அதான்."

அவர் மதில்மேல் இருந்த குப்பியைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்பது வருடக் கணக்கில் எத்தனை வருடம் கழிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

பெண்கள் வெறுங்குடத்தோடு கலைந்தார்கள். துக்க வீட்டிலிருந்து போவதுபோல, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அவர் உள்ளே போகவில்லை.

வடிவு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

வெயில் ஏறியது.

பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. அவரைக் கவனிக்காமல் குனிந்து குழாயைத் திருகினாள். வால்வு மூடியிருந்தாலும் குழாய்க்குள் மிச்சம் இருந்தது. மெல்லிய கம்பிபோல இறங்கியது.

பளிங்குபோல இருந்தது.

அவர் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். விரலிடுக்கில் வழிந்து சட்டைக் கை நனைந்தது.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி இல்லையா தாத்தா?"

"இல்ல தாயி."

தண்ணீர் கேட்டு வந்த ஒருவரிடம் அந்த வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

சொன்ன பிறகும் நிமிர்ந்துதான் நின்றார்.