குமிழைத் திருப்பிய பிறகு

தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துப் பாட்டைப் பதிவுசெய்ய ரிஸ்மியா மைக்கின் முன் உட்கார்ந்தாள். கல்முனைக்குடியில், கடலைப் பார்த்த வீடு. சின்ன வயதில் சுனாமி அவளை இழுத்துப்போய்த் திருப்பிப் போட்டதிலிருந்து கரைப்பக்கம் அவள் போவதில்லை. அலை இரைந்தாலே குரல் நடுங்கிவிடும்.

"வெளியால வாற சத்தத்த வெட்டுற பெட்டி புள்ள இது. இனிப் பயமில்லாமப் பாட்டப் படி," என்று கணவன் சப்ரான் புது வோக்கல் புரொசெசரின் குமிழைத் திருப்பினான்.

ஹெட்போனில் அலை அடங்கியது. நடுக்கமே இல்லாமல் பாட்டை முடித்தாள்.

"மாஷா அல்லாஹ்! இந்தக் குரல எங்க புள்ள ஒளிச்சி வெச்சிருந்தாய்?"

சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே காகம் கரைந்தது. தெருவில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. சன்னலுக்கு அப்பால் அலைகள் எழுந்து உடைந்தன. அவற்றுக்கு மட்டும் சத்தமே இல்லை. கரைவலை இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கடலையே பார்த்தபடி நின்றார்கள்.

குமிழைப் பழையபடி திருப்பச் சப்ரான் கையை நீட்டினான். ரிஸ்மியா அந்தக் கையைப் பிடித்தாள்.

"அப்பிடியே இரிக்கட்டும் மச்சான். நான் ஒருக்காப் போய்க் கால நனச்சிட்டு வாறன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.