அத்தையின் மதியத் தூக்கம்

"படத்துல தூங்குறது எங்கம்மாதானே? மழுப்பாம சொல்லு" என்றான் கணவன், அறைக் கதவைச் சாத்திவிட்டு.

"சாட்சாத் உங்கம்மாவேதான்" என்றாள் ஓவியக்காரி.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கட்டில் அகலத்துக்கு நின்றது கேன்வாஸ். அதில் பூப்போட்ட நீல நைட்டியில் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். மேல் பட்டன் ஒன்று கழன்றிருந்தது. சரிந்த வயிறு, கன்னத்துக்கு அடியில் மடங்கிய கை, லேசாகத் திறந்த வாய். கிட்டே போனால் மூச்சுக்காற்று மேலே படும் போலிருந்தது.

அம்மா ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் டாக்டர்களே போனை பாக்கெட்டில் ஒளித்துக்கொள்வார்களாம். போட்டோவுக்குக் கூப்பிட்டால்கூட இஸ்திரி போட்ட காலரோடு வந்து விறைப்பாக நிற்கிற மனுஷி.

"அவங்களக் கேட்டுட்டா வரைஞ்சே?"

"கேட்டா நடிப்பாங்க. எனக்கு நிஜத் தூக்கம் வேணும். அந்த வாயைப் பாருங்க. யாராலயாவது அப்படி நடிக்க முடியுமா?"

இரண்டு மாதமாக, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அத்தை கண்ணயர்ந்ததும், பாதி திறந்த கதவுக்கு வெளியே பூனை மாதிரி வந்து ஸ்டாண்டை நிறுத்தி வரைந்தாள். அதிர்ஷ்டம் என்றால் அப்படியொரு அதிர்ஷ்டம். தினமும் அதே நைட்டி, அதே பக்கம். அத்தை ஒரு தடவைகூடப் புரண்டு படுக்கவில்லை. இதுவரை வரைந்ததிலேயே இதுதான் உசத்தி என்று அவளுக்கே தெரிந்திருந்தது. காலையில் கண்காட்சிக்கு ஏற்றிப்போக வண்டி வருகிறது.

"அம்மா ஏற்கெனவே சிடுசிடுன்னு இருக்காங்க. தோள் வலின்னு என்னைத் தைலம் தேய்க்கச் சொல்றாங்க. சாயங்காலமானா டிவி முன்னாடி தூங்கி வழியிறாங்க. இதுல நைட்டியோட ஊரே பாக்கத் தொங்கவிட்டேன்னு வை, நீ, நான், படம் மூணு பேரும் தெருவுலதான்."

"அதான் இப்பவே காட்டிடப் போறேன். வேணாம்னா அனுப்பல."

கூப்பிட வேண்டிய வேலையே இல்லாமல், கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். கணவன் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தான்.

"என் கால் பெருவிரல் இவ்வளவு கோணலாவா இருக்கு?"

"ஆமா அத்தை."

"வயிறு?"

"அதுவும்... உள்ளதுதான் அத்தை."

அத்தை இன்னும் கிட்டே போனார்.

"வேலையில இருந்த வரைக்கும் ராத்திரி ராத்திரியா நான்தான் தூங்குறவங்களப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் தூங்குறதப் பாக்க ஒரு ஆள் கிடையாது. உங்க மாமா லைட்ட அணைச்சா அந்தப் பக்கம் திரும்பிடுவார்." அவர் குரல் இறங்கியது. "நர்ஸு, அம்மா, மாமியார் எல்லாத்தையும் கழட்டி வெச்சா நான் இப்படித்தான் இருப்பேனா? பரவாயில்லையே, அழகாத்தான் இருக்கேன்."

ஓவியக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேக்காம வரைஞ்சது தப்புதான் அத்தை. அனுப்பட்டுமா, வேணாமா?"

"தாராளமா அனுப்பு. நானும் வர்றேன்" என்றவர், வாசலில் நின்ற மகனைப் பார்த்து, "நைட்டியில இல்லடா, பயப்படாதே!" என்றார்.

ஓவியக்காரி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ தோளு, தோளு! விடுடி!" அத்தை வலியில் நெளிந்தார். "அடுத்த படத்துலயாவது என்னை நாற்காலியில உக்கார வெச்சு வரை."

"ஏன் அத்தை?"

"முதல் நாளே முழிச்சுக்கிட்டேன். நீ என்னையே பாத்துக்கிட்டிருந்த அழகக் கெடுக்க மனசு வரல. தூங்குற மாதிரி நடிச்ச நோயாளிங்கள எத்தனை பேரப் பாத்திருக்கேன், வாயை எவ்வளவு திறக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா தினமும் நீ பிரஷ் கழுவுற சத்தம் கேக்குற வரைக்கும் புரளாமக் கிடந்து கிடந்து தோளே கழண்டுடுச்சுடி!"