வரி இல்லாத ஓவர்ரைம்

"அருளம்பலண்ணை, இனி நீங்கள் சாட்டுச் சொல்லேலாது. அரசாங்கமே உங்கடை வாயை அடைச்சுப்போட்டுது."

டானியல் பேப்பரை மேசையில் போட்டான். அச்சுவேலி மரக்காலைக்கு அவன்தான் முதலாளி. அருளம்பலம் அங்கே இருபத்திரண்டு வருடமாக மரம் அரியும் மெசினில் நிற்பவர். அவ்வளவு காலம் நின்றும் பத்து விரலும் மிச்சமாயிருக்கிற ஆள். ஐந்து அடித்தால் சைக்கிளில் ஏறிவிடுவார்.

"என்ன முதலாளி?"

"மாசம் ஒரு லட்சத்துக்கு மேலை போனால் வரி எண்டது இப்ப ஒண்டரை லட்சமாப் போச்சு. உங்கடை சம்பளம் தொண்ணூற்றிரண்டாயிரம். ஓவர்ரைம் இருபத்தையாயிரம் சேர்த்தாலும் ஒரு சதம் வெட்டுப்படாது."

"வெட்டிறவன் வேறை எதிலையாவது வெட்டுவான்."

கணக்கெழுதுகிற ஷரோன் சிரித்தாள். "அண்ணை, போன வருசமும் ஆயிரத்துச் சொச்சம்தான் வெட்டுப்பட்டிருக்கும். அதுக்காக இருபத்தையாயிரத்தை விட்ட ஆள் நீங்கள் ஒராள்தான்."

"உழைச்ச காசை ஏன் பிள்ளை சும்மா குடுக்கவேணும்?"

"எனக்கெண்டால் வரி கட்ட ஆசை. முதலாளி அந்தளவு சம்பளம் தந்தால்தானே!"

டானியல் அதைக் காதில் வாங்கவில்லை. "பள்ளிக்கூடக் கூரை மரம் வெள்ளிக்கிழமை ஏத்தவேணும். இண்டைக்கு எட்டு மணி மட்டும் நில்லுங்கோ. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, மெசினுக்கு வேறை ஆள் பாக்கிறன். நீங்கள் பலகை அடுக்கலாம். அரைச் சம்பளம்."

அருளம்பலத்தின் மகள் கம்பசில் இரண்டாம் வருடம். அரைச் சம்பளம் அவளுடைய தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும். அவர் வாசலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

"நிக்கிறன்" என்றார்.

அன்று ஐந்து மணிக்கு அவருடைய சைக்கிள் அசையவில்லை. மெசின் நிற்காமல் ஓடியது. பலகைகள் நூல் பிடித்ததுபோல விழுந்தன. ஆறு மணிக்கு டானியல் எட்டிப் பார்த்தான்.

"இப்பிடி ஒரு கையை வைச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் வரிக்கு ஒளிச்சியளே, அண்ணை!"

அருளம்பலம் அவசர அவசரமாக அடுத்த மரத்தை ஏற்றினார்.

ஆறே முக்காலுக்கு டானியல் தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது மெசின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அருளம்பலம் குனிந்து, மரத்தில் கீறியிருந்த பென்சில் கோட்டைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். விரல்களுக்கும் வாளுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

டானியல் பாய்ந்துபோய் மெசினை நிறுத்தினான்.

"ஆர், முதலாளியே? கோடு தெரியேல்லை" என்றார் அருளம்பலம். "ஒருக்கா லைற்றைப் போட்டுவிடுங்கோ."

அவருடைய தலைக்கு நேர் மேலே நான்கு லைற்றும் ஐந்தரை மணியிலிருந்து எரிந்துகொண்டிருந்தன.